கிரீஸ் வைத்தானாம் கிரீஸ்!

நாகர்கோவிலைச் சுற்றி ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் டிராக்டர் டிரெய்லரின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, கழற்றி ஒழுங்காக கிரீஸ் வைக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்! மூடியைத் திறக்கிறான், ஒரு கை கிரீஸை அப்புகிறான், மூடியைத் தட்டிப் போடுகிறான். "வச்சாச்சு அண்ணாச்சி." எங்கே வைத்தாய்? மூடிக்குள்! சக்கரத்தை உருளவிடும் பேரிங்குக்குள் ஒரு பொட்டுகூடப் போகவில்லை.

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு நேரம், மழை மூடிக்கொண்டு நிற்கிறது, தோவாளைப் பக்கம் நெல் மூட்டையோடு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஹப்பில் கை வைத்தால் பொசுங்கிவிடும். கழற்றினால் பேரிங்கின் ரோலரெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. "பேரிங் கம்பெனி சரியில்ல" என்கிறார் மெக்கானிக். எப்படி இருக்கிறது கதை!

பழைய கிரீஸை டீசலில் கழுவிக் காயவைக்க வேண்டும். உள்ளங்கையில் புது கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவர்களோ கறுத்துப்போன பழசின் மேலேயே புதுசை அப்புகிறார்கள். முன்பு இருந்தது கால்சியம் கிரீஸா லித்தியம் கிரீஸா என்று யாருக்குக் கவலை? சேராத கிரீஸ் இரண்டு கலந்தால் இளகி ஒழுகிவிடும்.

அப்புறம் ஹப்பைப் பிடித்து நிற்கிற அந்த நட்டு. ஸ்பேனரில் பைப்பை மாட்டி, மூச்சைப் பிடித்து இறுக்குகிறார்கள். கூம்பு வடிவ ரோலர் உள்ள டேப்பர் பேரிங் அதைத் தாங்குமா? சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னைப் புதுசாகப் போட வேண்டும். ஒரு டீக் காசுகூட வராத அந்தப் பின்னையும் பழசையே நிமிர்த்தி மாட்டுகிறார்கள். அது ஒடிந்து நட்டு கழன்றால் சக்கரம் தனியாக ஓடும், மக்கா!

நம் டிரைவர்மாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லோடு இறக்கிய சூட்டோடு டிரெய்லரை அனந்தனாற்றுக் கால்வாயில் விட்டுக் கழுவுகிறார்கள். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, கிரீஸ் ஒழுகாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கிற ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துவிடும், பிறகு துருதான். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டத்தில் இது வேறு தேவையா?

இந்தத் தடவை நானே புது ஆயில் சீல் வாங்கி மெக்கானிக் கையில் கொடுத்தேன். வெடிப்பு விட்ட பழசையே மாட்டிவிட்டு, புதுசைப் பெட்டியோடு திருப்பித் தருகிறான். "இது நல்லாத்தான் இருக்கு, புதுசு அடுத்த தடவைக்கு ஆகட்டும் அண்ணாச்சி" என்று!