ஹியூமனிசம் பிறந்தது ஒரு பள்ளிக்கூடச் சண்டையில்

மனிதநேயம் என்றதும் நமக்கு வெள்ள நிவாரணமும் ரத்ததானமும்தான் நினைவுக்கு வரும். அவை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் ஐரோப்பாவில் 'ஹியூமனிசம்' என்ற சொல் எழுந்தது இரக்கத்தைப் பற்றிய பேச்சில் அல்ல. பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற சண்டையில்.

1808-இல் பவேரியாவின் கல்வி அதிகாரி நீட்ஹாமர் எழுதிய ஜெர்மன் புத்தகம்தான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவருக்கு எதிர்த்தரப்பின் முன்னோடி பாசடோ, 1774-இல் டெஸ்ஸா என்ற ஜெர்மன் ஊரில் பள்ளி தொடங்கியவர். வாழ்க்கைக்கு உதவுவதைக் கற்றுக்கொடு, மனப்பாடத்தைக் குறை, ஓடியாட விடு என்றார்கள் அந்தத் தரப்பினர். நல்ல விஷயங்கள்தான். பயன், பயன் என்றே போனால் பிள்ளை தொழிலுக்குத் தயாராவான், மனிதனாக வளர்வானா என்று கேட்டார் நீட்ஹாமர். லத்தீனையும் கிரேக்கத்தையும் அவர் பிடித்துத் தொங்கியதை நான் ஏற்கவில்லை. கேள்வியை முழுசாக ஏற்கிறேன்.

வேர் இன்னும் பழையது. கி.மு. 62-இல், அந்தியோக்கியாவில் பிறந்த ஆர்க்கியாஸ் என்ற கவிஞருக்கு ரோமானியக் குடியுரிமை கிடையாது என்று வழக்கு. அவருக்காக வாதாடிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ சட்டத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, கவிதையும் எழுத்தும் ஒரு நாட்டுக்கு ஏன் வேண்டும் என்றே மீதி நேரமெல்லாம் பேசினார். மனிதத்தன்மைக்கான கல்வி என்று பொருள்படும் 'ஸ்டூடியா ஹியூமானிட்டாடிஸ்' அந்த உரையில் வருகிறது.

மறந்துபோன அந்த உரையை 1333-இல் இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கண்டெடுத்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். படியெடுக்க அங்கே மை கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். கிடைத்த மையும் குங்குமப்பூ போல மஞ்சளாக இருந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டு இத்தாலியில் இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஐந்தும் 'ஸ்டூடியா ஹியூமானிட்டாடிஸ்' என்ற பெயரில் பாடங்களாயின. சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் பெயர் 'உமனிஸ்டா'. ஆமாம், ஹியூமனிஸ்ட் என்றால் முதலில் வாத்தியார்!

இன்று பிளஸ் டூ முடித்த பிள்ளை வரலாறு எடுக்கிறேன் என்றால் "அதப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று வீடே கேட்கிறது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சேர ஆளில்லை என்று வரலாற்றுத் துறையை மூடிவிட்டு, மனிதநேய விழாவுக்கு மேடை போடும் கல்லூரிகள்மேல்தான் கோபம். இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கும் ஒரு செமஸ்டராவது வரலாறும் கவிதையும் வையுங்கள். மார்க்குக்காக இல்லாமல், பிள்ளைகள் எழுந்து நின்று வாதாடும் வகுப்பாக வையுங்கள்.