ஆதாரம் இல்லையா, அதுவே ஆதாரம்!

ஈராக் போரா, எண்ணெய்க்காகத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடு பேசிச் சலித்துவிட்டது. எண்ணெய்க்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்க ராணுவ பலத்தால் உலகை மாற்றலாம் என்று நம்பிய நியோகான்கள், அதாவது நவபழமைவாதிகள், வாஷிங்டனில் கால் நூற்றாண்டாக வளர்த்த சிந்தனைமுறையைப் பார்க்காமல், 2003இல் அமெரிக்கா ஈராக் மேல் படையெடுத்தது ஏன் என்று புரியாது.

சோவியத் பலத்தை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ குறைத்து மதிப்பிடுகிறது என்ற புகார் எழுந்து, 1976இல் 'டீம் பி' என்ற வெளிநிபுணர் குழு அமைந்தது. தலைவர் வரலாற்றுப் பேராசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ். உறுப்பினர்களில் ஒருவர் பால் வுல்ஃபோவிட்ஸ். ஆயுதங்களை எண்ணினால் போதாது, எதிரியின் நோக்கத்தைப் பார் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கம் கெட்டது என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், தடயம் கிடைக்காததுகூட நன்றாக ஒளித்து வைத்திருப்பதற்கான தடயமாகிவிடும். ஒலியை நம்பாமல் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் கருவி சோவியத்திடம் இருப்பதற்கு அறிகுறியே இல்லை. அதனாலேயே அது இருக்கலாம் என்ற ரீதியில் ஊகித்தது அந்த அறிக்கை.

இதே வுல்ஃபோவிட்ஸ் 2001இல் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர். போருக்கு முன் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் ஈராக்கில் தேடியும் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் சிக்கவில்லை. ஈராக் அதிபர் சதாம் ஏமாற்றுகிறார் என்றது புஷ் நிர்வாகம். போருக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய குழுவுக்கும் குவியல் எதுவும் கிடைக்கவில்லை.

சரி, நியோகான்கள் என்ற ஒரு சிறு கும்பல் நாட்டையே கடத்திவிட்டதா? அப்படிச் சொல்வது மற்றவர்களைத் தப்பவிடுவது. சதாமை அகற்றக் கோரி 1998 ஜனவரியில் கிளின்டனுக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் 18 பேர்தான்; வுல்ஃபோவிட்ஸும், பின்னால் புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சரான ரம்ஸ்ஃபெல்டும் அதில் உண்டு. ஆனால் அதே ஆண்டு, சதாம் ஆட்சியை அகற்றுவதே அமெரிக்கக் கொள்கை என்ற சட்டம் பிரதிநிதிகள் சபையில் 360-38 என நிறைவேறியது. கையெழுத்திட்டவர் கிளின்டன். 2002இல் போருக்கு அதிகாரம் தந்த செனட் வாக்கு 77-23. 2001இல் இரட்டைக் கோபுரம் விழுந்த அதிர்ச்சியில் எல்லோரும் திட்டம் தேடியபோது, எழுதித் தயாராக இருந்தது நியோகான்களுடையது.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். சந்தேகமே தொழிலாக இருந்தவர்களுக்குத் தங்கள் திட்டத்தின் மேல் மட்டும் அது வரவில்லை. ஈராக்கைக் கட்டுப்படுத்தச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று தரைப்படைத் தளபதி ஷின்செகி 2003 பிப்ரவரியில் சொன்னார். துளியும் பொருந்தாத கணக்கு என்று வுல்ஃபோவிட்ஸ் ஒதுக்கித் தள்ளினார். மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பிரெமர் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க எந்த டீமும் அமைக்கப்படவில்லை.