அந்தச் சிட்டையில் பெண்களுக்கு ஒரு வரி இல்லை

அப்பத்தா கல்யாணத்துச் சாமான் சிட்டை எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பெட்டிக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக் கிண்ணம் முதல் மர அகப்பை வரை எல்லாம் எண்ணி எழுதியது. கணக்கு ஓரணா உதைத்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள் எங்கள் செட்டிநாட்டில்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. நான்கு நாள் கழித்துக் காரைக்குடியிலிருந்து ஒரு லாரி நிவாரணப் பொருளோடு கடலோரம் போனோம். அரிசி, பருப்பு, போர்வை, மெழுகுவத்தி. சிட்டை எழுதியவள் நான். மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கினேன். போட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். தூணோரம் நின்ற ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, பழைய பருத்திச் சேலை இருந்தால் கொடுங்கள்" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. லாரியில் ஒரு நாப்கின் பொட்டலம் கூட இல்லை. கழிப்பறை கட்டடத்தின் பின்னால், தாழ்ப்பாள் உடைந்து, விளக்கில்லாமல் கிடந்தது. இருட்டியபின் போக வேண்டியிருக்கும் என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். பக்கத்தில் அவள் மகள். பதிமூன்று வயது இருக்கும்.

உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நிவாரணப் பணிக்கென்று உலகம் முழுதும் பயன்படுத்தும் ஸ்பியர் கையேடு, ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று, உள்தாழ்ப்பாள், வெளிச்சம் என்று எழுதி வைத்திருக்கிறது. நம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. எழுதியதெல்லாம் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் யார் பதில் சொல்வது?

2002-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் நடந்தது வெளியே வந்தது. உணவு கொடுக்க வந்தவர்களிலேயே சிலர் அதற்கு விலையாகச் சிறுமிகளின் உடலைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளர் இதைத் தடைசெய்து விதி கொண்டுவந்தார். விதி நல்லதுதான். ஆனால் அந்தச் சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்? அரிசி அளப்பவனிடமேயா? புகார் கேட்க, பொருள் கொடுப்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு பெண் முகாமில் இருக்க வேண்டும். வந்த புகார் என்ன ஆயிற்று என்பதை அந்தப் பெண்களுக்கே திரும்பி வந்து சொல்ல வேண்டும். மூட்டைக்குக் கணக்குக் கேட்கிற அதிகாரியும் நன்கொடையாளரும் இதற்கும் கேட்க வேண்டும்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பொருள் போனபோது சிட்டையில் நாப்கினும் டார்ச் விளக்கும் முதல் வரியாக எழுதினேன். கடைசியில் ஒரு கட்டமும் சேர்த்தேன்: பெண்களிடம் கேட்டது யார், அவர்கள் சொன்னது என்ன. தாள் திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருந்தது, அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. "நேரம் இல்லை ஆச்சி" என்றார்கள். கணக்கு முடியவில்லை என்று சொல்லி, தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் போன வண்டியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள்.