இன்சுலேஷன விட காத்துதான் முக்கியம் அண்ணே

வேன உள்ளேயே படுத்து தூங்குற கேம்பர் வேனா மாத்துறத பத்தின உங்க கட்டுரைல, சுவத்துக்கு கெட்டியா இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) அடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சிச்சுன்னு எழுதியிருக்கீங்க, குளிர் நாட்டுக்கு சரிதான், நம்ம மலேசியா பினாங்கு வெக்கைக்கு ஒத்து வராது அண்ணே. நான் பழைய நிசான் வேனெட் ஒன்னு வாங்கி ராக்வுல் (கல்லுல செஞ்ச பஞ்சு மாதிரி இன்சுலேஷன்) வச்சு மேல ப்ளைவுட் அடிச்சேன், தெலுக் பஹாங்ல மொத ராத்திரி படுத்தா உள்ள இட்லி சட்டி மாதிரி, மூச்சு விட்ட ஈரமெல்லாம் தகரத்துல முத்து முத்தா நிக்குது, ரெண்டு மாசத்துல ராக்வுல் நனைஞ்சு நாறி எல்லாத்தயும் பிச்சு எறிஞ்சேன். இப்ப கூரைல 12 வோல்ட் ஃபேன், பின் கதவுல கொசுவலை, நிம்மதியா தூக்கம் வருது. ஆனா கூரைய வெட்டுறதுக்கு முன்னாடி ஜேபிஜேல (சாலை போக்குவரத்து இலாகா) கேட்டுக்குங்க, அத கட்டுரைல சொல்லவே இல்ல.

வேன்ல வைக்கிற பேட்டரி 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம்னா 12.8 வோல்ட்ல 1,280 வாட்-ஹவர்தான், சின்ன கம்ப்ரசர் பிரிட்ஜே ஒரு நாளைக்கு அதுல பாதி வரைக்கும் குடிச்சிரும், ஏர்கான மறந்துருங்க. கேமரன் மலை போனப்ப மட்டும் ராத்திரி குளிர்ல நடுங்கிக்கிட்டு அந்த ராக்வுல்ல நெனச்சு ஏங்கினேன் லா.