அது காகித ஒட்டு வேலை அல்ல

பிக்காசோவின் ‘மூன்று இசைக்கலைஞர்கள்’ வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிய படம் என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. 1921 கோடையில் பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோவில் அவர் கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

குழப்பம் எழுவது இயல்புதான். 1912 முதல் பிக்காசோவும் அவருடைய சக ஓவியர் பிராக்கும் உண்மையாகவே காகிதம் ஒட்டிப் பார்த்தவர்கள். அந்த வெட்டுத் தோற்றத்தைத்தான் இங்கே தூரிகை கொண்டுவருகிறது. கிட்டார் வாசிப்பவரின் கட்டம்போட்ட உடை, துறவி கையிலுள்ள இசைத்தாள், மேசைக்கடியில் பழுப்பு நாய்: அத்தனையும் வண்ணப்பூச்சு. எனக்கு அதுவே பெரிய வியப்பு.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.