ஸ்பீக்கரில் பிழையில்லை, கதவைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி போட்ட கார் ஸ்பீக்கர் வீடியோவுக்குக் கீழே நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தகப்பனின் டொயோட்டா கொரோலா 121 காருக்கு வீட்டு முற்றத்தில் வைத்து நாலு ஸ்பீக்கரையும் மாற்றிய அந்தத் தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பழைய ஸ்பீக்கரில் இருந்த அடிச்சத்தம் புதுசில் ஏன் இல்லை?" அவ்வளவுதான். "உனக்கேன் இந்த வேலை", "கடையில குடுத்திருக்கலாம்", "காசைக் கடலில போட்டிருக்கிறாய்" என்று திருகோணமலை முழுக்க வந்து எழுதியது. பதில் மட்டும் வரவில்லை. இரவு பத்து மணிக்குள் அவன் அந்த வீடியோவையே அழித்துவிட்டான்.

அழிக்க முதல் நான் அதை இரண்டு தரம் பார்த்தேன். ஸ்பீக்கரில் பிழையில்லை. பிழை வயரிலும் கதவிலும் இருந்தது. இரண்டையும் ஒரு சதமும் இல்லாமல், அல்லது மிகக் குறைந்த செலவில், அதே முற்றத்தில் வைத்துத் திருத்தலாம்.

முதலில் வயர். பின் இடது கதவில் கறுப்பு வயரை ஸ்பீக்கரின் மைனஸ் முனையில் கொடுத்திருந்தான். கறுப்பு என்றால் மைனஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பின் இடது கதவுக்குக் கறுப்புதான் பிளஸ், மஞ்சள் மைனஸ். பின் வலதுக்குச் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். முன் இடதுக்கு ரோஸ் பிளஸ், ஊதா மைனஸ். முன் வலதுக்கு இளம்பச்சை பிளஸ், நீலம் மைனஸ். வெளியில் வாங்கிப் பூட்டும் ரேடியோ செட்டின் வயர் நிறம் வேறு: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அதனதன் மைனஸ். ஊதா வாகனத்தின் பக்கம் முன் இடதின் மைனஸ், செட்டின் பக்கம் பின் வலதின் பிளஸ். இதை யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளை எப்படி அறியும்?

ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிப் பூட்டுப்பட்டால் ஒரு கதவின் கோன், அதாவது ஸ்பீக்கரில் அசையும் கூம்பு, வெளியே தள்ளும்போது மற்றக் கதவின் கோன் உள்ளே இழுக்கும். தாழ்ந்த சுரங்களில் ஒன்று தள்ளிய காற்றை மற்றது உறிஞ்சிவிடும். தவிலின் அடிச்சத்தம் தரும் தொப்பிப் பக்கம் காணாமல் போய், மேல்சத்தம் தரும் வலந்தலை மட்டும் தகரம் போலக் கேட்கும். அவன் சொன்ன குறை இதுதான், சொல்லுக்குச் சொல் இதுதான்.

நிறத்தை நம்பாமல் சோதிக்க வழி உண்டு. செட்டின் பின்பக்கப் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளக்கிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸுக்குப் போகிறது. உள்ளே இழுத்தால் மாறி. ஒரு செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டாம், ஸ்பீக்கருக்குள் சுற்றிய கம்பி, அதுதான் கொயில், சுடும். கோன் அசையவே இல்லையென்றால் மல்டிமீற்றரை ஓமில் வைத்து ஸ்பீக்கரின் முனைகளிலும் பிளக் பக்க வயரிலும் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டும். ஸ்பீக்கரில் சரியாகக் காட்டி வயரில் ஒன்றும் காட்டாவிட்டால், கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கும். இருபது வருடம் திறந்து மூடிய கதவில் இது சாதாரணம். கதவைத் திறக்கும்போது சத்தம் வந்துவந்து போனால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனிக் கதவு. இதைத்தான் எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் கேட்பதில்லை. வீட்டு ஸ்பீக்கருக்குப் பலகைப் பெட்டி இருக்கிறது. வாகனத்தில் அந்தப் பெட்டி கதவுதான். கோனின் முன்பக்கம் எழுப்பும் அலையும் பின்பக்கம் எழுப்பும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்திக்க ஓட்டை விட்டால் அடிச்சத்தம் அங்கேயே செத்துப்போகும். கதவின் உள்பக்க மூடியை, அதாவது பனலை, கழற்றிப் பாருங்கள், உள்தகட்டில் கையே போகும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். கம்பனி அதை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கும். பழைய வாகனங்களில் அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, எவ்வளவு விலையான ஸ்பீக்கரைப் பூட்டினாலும் காற்றுக்குத்தான் காசு.

முதல் வேலை, ஸ்பீக்கருக்கும் அதைத் தாங்கும் வளையத்துக்கும் இடையில் ஃபோம் ரேப், வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் இன்னொரு சுற்று. விரல் நுழையாத இடைவெளி கூட விசில் அடிக்கும். வளையத்தை எம்டிஎஃப் என்ற மரத்தூள் பலகையில் வெட்டாதீர்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், அது இறங்கவென்றே செய்த இடம். எம்டிஎஃப் ஒரு மாரியில் ஊறிப் புட்டு மாதிரி உதிரும். பெயின்ட் அடித்தாலும் ஸ்க்ரூ போட்ட துளையால் ஊறும். கடினமான பிளாஸ்டிக் வளையம், இல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் குடித்த மரைன் பிளைவுட் போடுங்கள்.

பிறகு அந்தப் பெரிய ஓட்டைகள். தகட்டைத் தின்னர் துணியால் எண்ணெய் போகத் துடைத்து, அலுமினியம் முகப்புள்ள, ரப்பர் பசை போன்ற பியூட்டில் ஷீட்டை ஒட்டி, ரோலரால் அல்லது கரண்டியின் முதுகால் அலுமினியத்தின் புள்ளிகள் தட்டையாகும்வரை அழுத்துங்கள். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவு என்று வாங்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் மதியம் கதவு தொட முடியாமல் கொதிக்கும். தார் இளகி, மணந்து, வழிந்து கண்ணாடி ஏறும் தண்டவாளத்தில் விழும். வெளித்தகட்டில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு துண்டு, மிச்சத்தில் நாலில் ஒரு பங்கு மூடினால் போதும். தகடு அதிர்வது நிற்கும். முழுக்க ஒட்டிக் கதவின் பாரத்தைக் கூட்டுவதில் பயன் இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

நிலாவெளியில் ஒரு விட்ஸ் கார். ஸ்பீக்கர் மாற்றிய இடத்தில் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தார்கள். மார்கழி மழையில் கண்ணாடியால் இறங்கிய தண்ணீர் பனலின் உள்பக்கமாக வழிந்து தரை விரிப்புக்குள் போய்விட்டது. மாசி மாதம் மணம் தாங்காமல் விரிப்பைத் தூக்கினால் அடியில் தகடு துருப்பிடித்திருந்தது. தாளின் கீழ் விளிம்பு கதவுக்குள்ளே போக வேண்டும், கறுப்புப் பசை சுற்றி முழுக்க ஒட்ட வேண்டும். பழைய பசை காய்ந்திருந்தால் பியூட்டில் ரேப். தாளை ஒட்டாமல் விட்டது வீட்டுக்காரர் இல்லை, காசு வாங்கிச் செய்தவர்கள். ஆக "கடையில் கொடு" என்பது மட்டுமே மருந்து இல்லை.

"அம்ப் இல்லாமல் ஸ்பீக்கர் மாற்றி என்ன பயன்?" என்று, சத்தத்துக்குச் சக்தி கூட்டும் அம்ளிஃபயர் பெட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய ஜப்பான் வாகனத்து எஃப்எம் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இழுக்கும், எங்கள் அலைவரிசைகள் 108 வரை போகின்றன. அதனால் இங்கே ஆட்கள் முதலில் மாற்றுவது செட்டைத்தான். புதுச் செட்டின் முகத்தில் 50 வாட்ஸ் நாலு என்று எழுதியிருக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதைக் கூட்டிக் கொடுக்கும் சுற்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் இல்லை. ஸ்பீக்கரில் தெளிவாக வந்து சேர்வது சராசரி 9 வோல்ட் என்று வையுங்கள். ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் பிரித்தால் ஏறத்தாழ 20 வாட்ஸ். அவ்வளவுதான் அங்கே உண்டு.

அந்த 20 வாட்ஸ் போதும், ஸ்பீக்கரைப் பார்த்து வாங்கினால். பெட்டியில் பெரிதாக அச்சடித்த 300 வாட்ஸை விடுங்கள், சென்சிட்டிவிட்டி என்ற இலக்கத்தைப் பாருங்கள், கொடுத்த வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று அதுதான் சொல்லும். 3 டெசிபல் கூட இருந்தால் அது வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமன். 87 உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தம், 90 உள்ளதில் 10 வாட்ஸில் வரும். பாரமான கோனும் விறைத்த சரவுண்டும் (கோனின் விளிம்பைச் சுற்றிய வளையம்) உள்ள ஸ்பீக்கரை அம்ப் இல்லாமல் பூட்டினால் கம்பனி ஸ்பீக்கரை விட மெலிந்துதான் கேட்கும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள், கவனம். கோன் பொலி என்ற பிளாஸ்டிக், சரவுண்ட் ரப்பர் என்று எடுங்கள். ஃபோம் சரவுண்ட் இந்தக் கடற்காற்றில் சில வருடத்தில் பொடியாகும்.

செட்டில் ஹை பாஸ் என்று, ஆழ்ந்த சுரத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள். ஆறரை அங்குலக் கோன் சுமக்க முடியாத ஆழ்ந்த சுரத்தை அதற்குக் கொடுப்பதில்தான் அந்த 20 வாட்ஸ் வீணாகிறது. சத்தம் கரகரக்கும் இடத்துக்கு மேல் கூட்டினால் கொயில் கருகும். குறைந்த வாட்ஸ் செட்டிலும் ஸ்பீக்கர் எரிவது இப்படித்தான். டாஷ் மூலையில் மேல்சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர், கம்பனி ட்வீட்டர், இருந்தால், கதவில் ட்வீட்டரும் சேர்ந்த கோக்ஸியல் ஸ்பீக்கர் போட்டபின் அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயரில் தொங்கினால் மேல்சுரம் காதைக் கிழிக்கும்.

"வீட்டில் செய்தால் வாகனம் பழுதாகும்" என்ற பேச்சு. மூன்று இடத்தில் அது உண்மை, மறைக்கவில்லை. ஸ்பீக்கரின் மைனஸை வண்டியின் உடலில் கொடுத்தால் செட்டுக்குள் சத்தத்தைக் கூட்டும் ஐசி போகும். இந்தச் செட்டுகளில் இரண்டு வயரிலும் மின்சாரம் வருகிறது. கதவுக்குள் ஏர்பேக் சென்சர் உள்ள வாகனத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிற்கும். அதனால் 10 ஆம் நம்பர் ஸ்பனரால் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். மூன்றாவது, கம்பனி பிளக்கை வெட்டுவது. தம்பி அதைச் செய்திருந்தான், அது பிழை. வாகனத்துக்கேற்ற அடப்டர் பிளக் வாங்கிப் பூட்டினால் ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை. ஆனால் வெட்டியதை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றி விடுகிறவர்கள் அவன் மட்டுமா? வெக்கையில் பசை வழிந்து ரேப் கழன்றுவிடும், உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். ஈயம் பிடித்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டால் பத்து வருடம் நிற்கும். ஸ்க்ரூவும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல்தான், இந்த ஊரில் வேறு எதுவும் தாங்காது.

சத்தமாகப் பாட்டுப் போடுவதே பிழை என்று எழுதியவருக்கு: காற்றுப் போகாமல் அடைத்த கதவில் பாதிச் சத்தத்திலேயே நன்றாகக் கேட்கலாம்.

எனக்கு வலிப்பது வேறு. கீழே எழுதியவர்களில் பாதிப்பேருக்கு இது எல்லாம் தெரியும். பெயரைப் பார்த்தாலே தெரியும், கைத்தொழிலில் இருப்பவர்கள். "கறுப்பை மாத்திப் பார் தம்பி" என்று நாலு சொல் எழுத எவ்வளவு நேரம் போகும்? சொல்லிக்கொடுத்தால் உழைப்புப் போய்விடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பனல் கழற்றப் பயப்படுகிறவர்களும் நேரம் இல்லாதவர்களும் எப்போதும் கடைக்கு வருவார்கள். தானே செய்து பார்க்கிறவன்தான் நாளைக்கு அம்ப் பூட்ட, அடிச்சத்தத்துக்கென்றே சப்வூஃபர் பூட்ட உங்களிடம் வருவான், நல்ல வயருக்குக் கேள்வி கேட்காமல் காசு தருவான். அவனை ஊரே பார்க்க அவமானப்படுத்தி அனுப்பியாயிற்று. போட்ட பொருளில் பிழையில்லை, கேட்ட கேள்வியில் பிழையில்லை, பதில் சொல்லாத எங்களில்தான் பிழை. தகப்பனின் வாகனத்தைப் பழுதாக்கிவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அது எங்களால்.

தம்பி, இதை யாராவது உனக்குக் காட்டினால் கேள். கதவுக்கு மழைபடாத ஒரு காலையில் பின் இடது பனலைக் கழற்று. கைப்பிடிக் கிண்ணத்துக்குள் ஒரு ஸ்க்ரூ, உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று இருக்கும், அவற்றைக் கழற்றாமல் இழுக்காதே. கீழ் மூலையிலிருந்து கிளிப் கிளிப்பாக எடு. பழைய கிளிப் இரண்டு மூன்று உடையும், முதலே பத்து வாங்கி வை. கண்ணாடியை முழுக்க இறக்கிக் காந்தத்தில் முட்டுகிறதா பார். கறுப்பைப் பிளஸுக்கும் மஞ்சளை மைனஸுக்கும் மாற்று. பனலைப் பூட்ட முதல் செட்டில் இடது வலது சத்தத்தைப் பிரிக்கும் பலன்ஸை நடுவில் வைத்து, முன் பின் பிரிக்கும் ஃபேடரைப் பின்னுக்குத் தள்ளி, தவில் உள்ள பாட்டு ஒன்றைப் போடு. தொப்பி கேட்டால் வயர் சரி. பிறகு ஓட்டைகளை மூடி, தாளை ஒட்டி, நாலு கதவையும் முடித்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பப் போடு. முதல் பதில் நான் எழுதுகிறேன்.