66-இல் ஆயுள் முடிந்துவிடாது
டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'தென்னாப்பிரிக்காவில் சராசரி ஆயுள் 66 தான், 60-இல் ஓய்வு பெற்றால் ஆறு வருடத்துக்குப் பணம் போதும், மீதி ஓய்வூதியச் சேமிப்பை இப்போதே எடுத்துவிடுங்கள்.'

தவறு. அந்த 66 இன்று பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. சின்ன வயதிலேயே எச்ஐவி, காசநோய், விபத்து, கொலை என்று போகும் உயிர்கள்தான் சராசரியைக் கீழே இழுக்கின்றன. 60-ஐத் தொட்டவர் அதையெல்லாம் தாண்டி வந்தவர், அவருக்கு இன்னும் சராசரியாகப் பத்து வருடத்துக்கும் மேலே இருக்கிறது, பெண்களுக்கு இன்னும் கூடுதல். நம் தெருவில் எத்தனை பாட்டிமார் எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்!

அப்புறம், 2024 செப்டம்பரில் வந்த புதிய முறையில் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியை மட்டும்தான், அதுவும் வருடத்துக்கு ஒரு முறைதான் முன்கூட்டி எடுக்கலாம், அதற்கும் வருமான வரி பிடிப்பார்கள்.